விளையாட்டுச் செய்தியாளராக வேண்டுமா? அட்டை வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒன்றரை ஆண்டு நான் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்தேன். பெரிய போட்டி ஒன்றின் அறிவிப்பு வரும், ஓடிப்போய் ஊடக அங்கீகாரத்துக்கு, அதாவது செய்தியாளராக உள்ளே விடும் அட்டைக்கு, விண்ணப்பிப்பேன், சில வாரங்களில் "வருந்துகிறோம்" என்று மின்னஞ்சல் வரும், அடுத்த போட்டிக்குக் காத்திருப்பேன். அட்டை கையில் வந்தால்தான் எழுத முடியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நடைமுறை இதற்கு நேர்மாறு. ஏற்கெனவே எழுதியது கையில் இருந்தால்தான் அட்டையே வரும். இதை யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் எனக்கு அந்த ஒன்றரை ஆண்டு மிஞ்சியிருக்கும். அதனால்தான் எந்தக் காகிதம் எப்போது வேண்டும், பணம் எங்கே கரையும், நேரம் எங்கே தவறும் என்பதையெல்லாம் நான் சறுக்கிய இடங்களோடு சேர்த்து இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விளையாட்டுச் செய்தியாளர் என்றால் மைதானத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவர் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே வந்தால் பல தனித்தனி வேலைகள் இருக்கின்றன: களத்துக்குப் போகும் நிருபர், அலுவலகத்தில் இருந்து மற்றவர்கள் அனுப்பும் காப்பியை, அதாவது எழுதிய செய்தியை, திருத்தித் தலைப்பு போடும் டெஸ்க் ஆள், பந்துக்குப் பந்து நேரலை எழுதுபவர், புள்ளிவிவரம் பார்ப்பவர், புகைப்படக்காரர், வர்ணனையாளருக்குப் பின்னால் இருந்து குறிப்பு தயாரித்துக் கொடுப்பவர்.

டெஸ்க் வேலை கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. எல்லோரும் களத்துக்குத்தான் போக ஆசைப்படுகிறார்கள், டெஸ்க் என்றால் தண்டனை மாதிரி பார்க்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் டெஸ்க்கில் இருந்தால் ஒரு செய்தி எந்த நேரத்துக்கு வந்தால் பக்கத்தில் ஏறும், எந்த நேரத்துக்கு மேல் வந்தால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குப்பைக்குப் போகும் என்பது கைக்குப் பழகிவிடும். அடுத்தவர் காப்பியில் பெயர்ப் பிழை பிடித்துப் பிடித்து, உங்கள் காப்பியில் அது வராமல் போகும். பிற்பாடு களத்தில் நிற்கும்போது அந்தப் பழக்கம்தான் காப்பாற்றும்.

இன்னொன்று, வேலை நேரம். ஆட்டங்கள் மற்றவர்களின் விடுமுறை நாளில்தான் நடக்கும். சனி, ஞாயிறு, பண்டிகை, இரவு எல்லாம் உங்களுக்கு வேலை நாள். வீட்டில் இருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால் பின்னால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் அதே சண்டை வரும்.

2. கூட்டம் இல்லாத மைதானத்துக்குப் போங்கள்

பெரிய ஆட்டத்துக்கு அட்டை வேண்டும். இளையோர் ஆட்டம், கல்லூரி ஆட்டம், இரண்டாம் மூன்றாம் நிலை லீக், நீச்சல், மல்யுத்தம், சதுரங்கம், கூடைப்பந்து போன்றவற்றின் தகுதிச்சுற்றுகள், இவற்றுக்குப் பெரும்பாலும் ஏற்பாட்டாளரிடம் ஒரு வார்த்தை சொன்னாலே போதும். அங்கே நீங்கள் ஒருவர்தான் எழுத வந்திருப்பீர்கள். பயிற்சியாளர் உங்களோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார். அந்தப் பையனோ பெண்ணோ நாலு வருடம் கழித்துப் பெரிய மேடைக்கு வரும்போது, முந்நூறு நிருபர்களுக்கு நடுவே உங்கள் முகம் மட்டும் தெரிந்திருக்கும்.

ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள், குறைந்தது ஒரு முழுப் பருவம். எல்லா விளையாட்டையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒன்றின் விதிப்புத்தகத்தையே படித்தவர்கள் குறைவு. விதிப்புத்தகங்களைச் சர்வதேச சங்கங்கள் தங்கள் தளங்களில் இலவசமாகவே போட்டிருக்கின்றன, இதற்குச் செலவே இல்லை.

உதாரணத்துக்குத் தடகளத்தை எடுத்துக்கொள்வோம். முடிவுத்தாளில் ஒரு ஓட்டக்காரரின் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'க்யூ' இருந்தால் அவர் இடத்தின் அடிப்படையில் அடுத்த சுற்றுக்குப் போகிறார், சின்ன எழுத்தில் இருந்தால் நேரத்தின் அடிப்படையில் போகிறார். 100 மீட்டர் முடிவுக்கு மேலே காற்றின் வேகம் +2.1 என்று இருந்தால் அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படாது, எல்லை நொடிக்கு 2.0 மீட்டர். என்னுடைய இரண்டாவது தடகளச் செய்தியில், ஒருவர் புதிய மாநில சாதனை படைத்தார் என்று எழுதிவிட்டேன். தாளின் மூலையில் இருந்த அந்த எண்ணைப் பார்க்கவில்லை. மறுநாள் அவருடைய பயிற்சியாளரே தொலைபேசியில் கூப்பிட்டு நிதானமாக விளக்கினார். அன்றிலிருந்து முடிவுத்தாள் கைக்கு வந்ததும் முதலில் மூலைகளைத்தான் படிக்கிறேன்.

3. எழுதியதை அன்றே பிடிஎஃப் ஆக்குங்கள்

அங்கீகாரம், வேலை, உதவித்தொகை எதற்கு விண்ணப்பித்தாலும் உங்கள் பெயரோடு வெளிவந்த கட்டுரைகளைத்தான் கேட்பார்கள். சில இடங்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் வந்தவை மட்டும் என்று சொல்வார்கள். நான் எழுதிய முதல் இருபது இருபத்தைந்து கட்டுரைகளில் பாதியின் சுட்டிகள் இன்று திறக்காது. ஒரு தளம் மூடப்பட்டது, இன்னொன்று வடிவமைப்பை மாற்றியபோது பழைய பக்கங்கள் எல்லாம் போய்விட்டன.

அதனால் கட்டுரை வெளிவந்த அன்றே, தலைப்பு, உங்கள் பெயர், தேதி மூன்றும் தெரியும்படி பிடிஎஃப் எடுத்துச் சேமியுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், விளையாட்டு என்று வரிசையாக வையுங்கள். இரண்டு இடத்தில் பிரதி இருக்கட்டும். பைலைனில், அதாவது கட்டுரையோடு எழுதியவர் பெயர் வரும் வரியில், எந்தப் பெயர் போடுவது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். பைலைனில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயர் என்றால் ஆறாவது படியில் மாட்டிக்கொள்வீர்கள்.

4. எடிட்டருக்கு ஐந்து வரி போதும்

"உங்கள் பத்திரிகைக்கு எழுத ஆசை" என்று எழுதினால் பதில் வராது. ஐந்து வரிக்குள் இவ்வளவு இருக்க வேண்டும்: செய்தி என்ன, இப்போது ஏன், நீங்கள் யாரிடம் பேசியாகிவிட்டது, எத்தனை சொல், எந்தத் தேதிக்குள் தருவீர்கள். கீழே இரண்டு கட்டுரைகளின் சுட்டி. அவ்வளவுதான்.

அனுப்பும் நேரமும் முக்கியம். பெரிய ஆட்டம் நடக்கும் மாலையில் விளையாட்டுப் பிரிவு எடிட்டருக்கு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள், அது அப்படியே கீழே போய்விடும். வார நடுவில் காலை நேரம் நல்லது. ஒரு வாரம் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு பேரும் ஏற்றுக்கொண்டால் இரண்டு பேரையும் இழப்பீர்கள்.

5. பணத்தை எழுத்தில் பேசுங்கள்

இந்தப் படியைத்தான் புதியவர்கள் வெட்கப்பட்டுத் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டினேன். ஒரு போட்டித் தொடருக்கு என்னை அனுப்பியவர்கள் "செலவெல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று தொலைபேசியில் சொன்னார்கள். திரும்பி வந்து ரசீதுகளைக் கொடுத்தபோது, பயணச் செலவு மட்டும்தான், தங்கும் செலவு பேச்சிலேயே இல்லை என்றார்கள். என் கையில் எழுத்தாக எதுவும் இல்லை, அதனால் அங்கேயே முடிந்துபோனது.

வேலையைத் தொடங்கும் முன் மின்னஞ்சலில் வாங்க வேண்டிய பதில்கள் இவை. கட்டுரைக்கு எவ்வளவு, அல்லது மாதத்துக்கு எவ்வளவு. பயணம், தங்குமிடம், சாப்பாடு, இணையம் இவற்றில் எது யார் பொறுப்பு, உச்சவரம்பு என்ன. எழுதிக் கொடுத்தபின் அவர்கள் வெளியிடாவிட்டால் எவ்வளவு தருவார்கள். கட்டுரை கொடுத்த நாளிலிருந்து எத்தனை நாளில் பணம் வரும், இல்லை, வெளிவந்த நாளிலிருந்தா? இந்தக் கடைசிக் கேள்விக்குள் இரண்டு மாத வித்தியாசம் ஒளிந்திருக்கும். ஆட்டம் முடிந்த சூட்டோடு கொடுத்த நேர்காணலை அவர்கள் அடுத்த பருவத்தின் தொடக்கத்தில்தான் போட்டார்கள் என்றால், உங்கள் பணமும் அடுத்த பருவத்தில்தான். பதிப்புரிமையையும் கேளுங்கள். எல்லா உரிமையும் அவர்களுக்கே என்றால் அதே பேட்டியை வைத்து வேறெங்கும் எழுத முடியாமல் போகலாம்.

சொந்தச் செலவில் பெரிய போட்டிக்குப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு கட்டுரைக்குக் கிடைப்பதை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு, மொத்தச் செலவு எத்தனை பங்கு வருகிறது என்று பார்ப்பேன். முதல் தடவை செலவு பதினெட்டுப் பங்கு வந்தது. கையில் உறுதியான கட்டுரைகள் ஏழு. மீதியை அங்கே போய்ப் பிடித்துவிடலாம் என்று கிளம்பினேன், மூன்றுதான் பிடிக்க முடிந்தது. கடன் அடைக்க எட்டு மாதம் ஆனது. இப்போதெல்லாம் மொத்தச் செலவில் நாலில் மூன்று பாகத்துக்கு எழுத்தில் உறுதி வராமல் நான் டிக்கெட் போடுவதில்லை. நீங்களும் போடாதீர்கள்.

6. அங்கீகாரம்: எல்லாமே தேதியும் பெயரும்தான்

இனி அட்டை. தயாராக வைத்திருக்க வேண்டியவை பெரும்பாலும் ஒன்றேதான்:

பாஸ்போர்ட்டின் தெளிவான ஸ்கேன். வெள்ளைப் பின்னணியில் சமீபத்திய புகைப்படம். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், எடிட்டர் கையெழுத்தோடு, இன்னார் இந்தப் போட்டிக்கு எங்களுக்காக வருகிறார் என்ற கடிதம். சமீபத்திய கட்டுரைகள். பத்திரிகையாளர் அடையாள அட்டை இருந்தால் அது. ஃப்ரீலான்ஸ், அதாவது எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லாமல் எழுதுபவர் என்றால் அந்தக் கடிதம்தான் உயிர்நாடி. கடிதம் இல்லாமல் ஃப்ரீலான்ஸ் விண்ணப்பம் தேறுவது மிகக் கடினம். எடிட்டரிடம் கடிதம் கேட்கும்போது வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவர் லெட்டர்ஹெட்டில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டால் போதும். அவரே எழுதட்டும் என்று விட்டால் கடைசித் தேதி போய்விடும்.

விளையாட்டுப் பத்திரிகையாளர்களின் சர்வதேச அமைப்பு ஏஐபிஎஸ். 1924இல் தொடங்கியது. அதன் அட்டையை உங்கள் நாட்டின் விளையாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் வழியாகத்தான் வாங்க வேண்டும். பல போட்டிகளில் இந்த அட்டை உங்கள் விண்ணப்பத்துக்குக் கனம் சேர்க்கும். ஆனால் அதுவே நுழைவுச்சீட்டு ஆகிவிடாது, ஒவ்வொரு போட்டிக்கும் தனியாக விண்ணப்பிக்கத்தான் வேண்டும்.

போட்டிக்குப் போட்டி வழி வேறு. ஒலிம்பிக்கில் எழுத்து ஊடக இடங்கள் அந்தந்த நாட்டின் ஒலிம்பிக் கமிட்டி வழியாகப் பங்கிடப்படும். எத்தனை இடம் என்ற பேச்சு போட்டிக்கு ஓராண்டுக்கும் மேல் இருக்கும்போதே தொடங்கிவிடும். சில மாதம் முன்னால் போய்க் கேட்டால் ஒன்றும் மிச்சம் இருக்காது. அட்டையில் வகை எழுத்தும் இருக்கும்: 'இ' என்றால் பொதுவான நிருபர், 'இஎஸ்' என்றால் ஒரு குறிப்பிட்ட விளையாட்டுக்கு மட்டும், 'இபி' என்றால் புகைப்படக்காரர். ஒரே விளையாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், அந்த இரண்டாவது வகைக்கு அப்படிப்பட்டவர்களைத்தான் பார்ப்பார்கள். உலகக் கோப்பைக் கால்பந்தில் ஃபிஃபாவின் ஊடகத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு உண்டு, உங்கள் நாட்டின் கால்பந்து சங்கம் நீங்கள் உண்மையில் எழுதுபவரா என்று பார்க்கும். அந்தச் சங்கத்தின் ஊடக அதிகாரிக்கு உங்கள் பெயர் முன்பே தெரிந்திருப்பது எவ்வளவு உதவும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி நான் பார்த்த பொறிகள்.

பெயர். என் பைலைன் சுருக்கப் பெயர், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர். விண்ணப்பத்தில் பைலைன் பெயரைப் போட்டேன். பாதுகாப்புச் சரிபார்ப்பில் இரண்டும் பொருந்தவில்லை என்று திரும்பிவந்தது, திருத்தி அனுப்புவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். பைலைன் பெயர் வேறு என்றால் எடிட்டர் கடிதத்தில் அதை ஒரு வரியில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

நேர மண்டலம். கடைசி நாள் நள்ளிரவு என்றால் அது போட்டி நடத்துபவர்களின் நள்ளிரவு. குறைந்தது மூன்று நாள் முன்னால் அனுப்பிவிடுங்கள்.

அங்கீகாரம் வேறு, ஆட்டத்துக்கான இருக்கை வேறு. இது தெரியாமல் நிறையப் பேர் அழுதிருக்கிறார்கள். அட்டை உங்களை ஊடக மையத்துக்குள் விடும். இறுதி ஆட்டம் மாதிரிக் கூட்டம் அதிகமுள்ள ஆட்டங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனியாக இருக்கை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் தனிக் கடைசித் தேதி உண்டு. ஊடக மையத்தில் இருந்து தொலைக்காட்சியில் இறுதி ஆட்டத்தைப் பார்க்கும்படி ஆகிவிடக்கூடாது.

அட்டை வாங்கும் இடம். பல போட்டிகளில் அது மைதானத்தில் இருக்காது, வேறு கட்டடத்தில் இருக்கும், ஆட்டம் தொடங்கும் முன்பே மூடிவிடுவார்கள். முந்தின நாளே போய் வாங்கி, கழுத்தில் போட்டுக்கொண்டு உங்கள் வாசல் எது என்று நடந்து பார்த்துவிடுங்கள்.

நிராகரித்துவிட்டால்? ஊடக அதிகாரிக்குப் பணிவாக எழுதி, காத்திருப்போர் பட்டியலில் வைக்கச் சொல்லுங்கள். வருகிறேன் என்று சொன்னவர்கள் கடைசி நேரத்தில் வராமல் போவது எல்லாப் போட்டியிலும் நடக்கும். எனக்கு முதல் அட்டையே அப்படித்தான் கிடைத்தது, நாலு நாள் இருக்கும்போது.

இளையவர்களுக்கு இன்னும் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஏஐபிஎஸ் இளம் நிருபர்களுக்கென்று பயிற்சித் திட்டங்கள் நடத்துகிறது. ஒலிம்பிக் போன்ற போட்டிகளில் வீரர்கள் களத்தை விட்டு வந்ததும் அவர்கள் சொல்வதைக் குறித்து உடனுக்குடன் செய்திச் சேவைக்குக் கொடுக்கும் பணிக்கு மாணவர்களையும் தன்னார்வலர்களையும் எடுக்கிறார்கள். பைலைன் வராது. ஆனால் இரண்டு வாரத்தில் இருநூறு வீரர்களிடம் கேள்வி கேட்டிருப்பீர்கள். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

7. விசா, காப்பீடு, பை

வெளிநாடு என்றால் பாஸ்போர்ட் இன்னும் எவ்வளவு காலம் செல்லும் என்று முதலில் பாருங்கள். பல நாடுகள் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. சுற்றுலா விசாவில் போய்ச் செய்தி சேகரிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். அமெரிக்காவில் வெளிநாட்டு ஊடகத்தாருக்கென்றே 'ஐ' விசா என்று தனி வகை இருக்கிறது. ஒலிம்பிக் அட்டைக்கு மட்டும் ஒரு வசதி உண்டு, பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டினால் போட்டி நடக்கும் நாட்டுக்குள் நுழையும் அனுமதியாகவும் அது செல்லும்.

கேமரா, லென்ஸ் நிறையக் கொண்டுபோகிறவர்கள் ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணத்தைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். வர்த்தக சபைகள் வழியாகக் கிடைக்கும், ஓராண்டு வரை செல்லும், பிணைத்தொகை கேட்பார்கள். அது இருந்தால், இந்தப் பொருட்களை விற்கக் கொண்டுவரவில்லை, திரும்ப எடுத்துப் போவேன் என்பதற்கு அதுவே சாட்சி. பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், விமானத்தின் சாமான் அறையில் போடக்கூடாது. 100 வாட்-ஹவருக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

காப்பீட்டில் உடல்நலம் மட்டும் பார்க்காமல் லேப்டாப்பும் சேர்கிறதா, வேலைக்காகப் போகும் பயணம் சேர்கிறதா என்று பாருங்கள். சுற்றுலாக் காப்பீடுகள் சில, வேலைப் பயணம் என்றால் கையை விரித்துவிடும்.

8. ஆட்ட நாள்

குறைந்தது மூன்று மணி நேரம் முன்னால் போங்கள். இணையம் வேலை செய்கிறதா, பிளக் பாயின்ட் எங்கே, பேட்டி நடக்கும் அறைக்கு எத்தனை மாடி இறங்க வேண்டும் என்று பாருங்கள். மைதானத்தின் வைஃபை கூட்டம் நிறைந்ததும் படுத்துவிடும், உங்கள் ஃபோனில் வேறு ஒரு இணைப்பு தயாராக இருக்கட்டும்.

ஆட்டம் முடிந்ததும் எழுதத் தொடங்குவது என்றால் இரவு டெட்லைனைத் தொடவே முடியாது. கால்பந்து என்றால் பழைய கைகள் செய்வது இப்படி: ஆட்டம் நடக்கும்போதே முதல் பாதியைப் பற்றிய பத்திகளை எழுதி இடைவேளையிலேயே அனுப்பிவிடுவார்கள், 75ஆவது நிமிட வாக்கில் இரண்டாவது துண்டு, கடைசி விசில் அடித்ததும் மேலே வரவேண்டிய முதல் இரண்டு பத்திகள். அதாவது கட்டுரை கீழிருந்து மேலே கட்டப்படுகிறது. அந்த முதல் பத்திக்கு இரண்டு வடிவம் தயாராக வையுங்கள், ஒன்று இவர்கள் வென்றால், ஒன்று அவர்கள் வென்றால். நான் ஒரு தடவை ஒரே வடிவம்தான் வைத்திருந்தேன். 88ஆவது நிமிடம் வரை இரண்டு கோல் முன்னிலை, யார் நினைப்பார்கள்? கூடுதல் நேரம் முடிவதற்குள் இரண்டும் சமன். பக்கம் மூட ஒன்பது நிமிடம் இருந்தது, கை நடுங்கி எதிரணிக் கோல்கீப்பரின் பெயரையே தப்பாக அடித்தேன்.

அனுப்பும் முன் மூன்றே மூன்று விஷயம் பாருங்கள், நேரம் இல்லாவிட்டாலும் பாருங்கள்: ஸ்கோர், பெயர்கள், அடுத்த ஆட்டம் என்றைக்கு. தடகளத்தில் இன்னொன்று உண்டு. முடிவு அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்ட பின் 30 நிமிடத்துக்குள் எதிர்ப்பு தெரிவிக்கலாம். பதக்கம் என்று தலைப்பு போட்டுவிட்டு எழுந்து போய்விடாதீர்கள், தொடர் ஓட்டங்களில் கோட்டை மிதித்ததற்காக அணியே நீக்கப்படுவது நடக்கும்.

ஆட்டக் காட்சியை உங்கள் ஃபோனில் எடுத்துப் போடாதீர்கள். ஒளிபரப்பு உரிமை வாங்கியவர்களுக்கு மட்டுமே அது. பத்து நொடிக் காட்சிக்காக அட்டையைக் கழற்றிக் கொடுக்க வேண்டிவரும்.

9. வீரர்களிடம் கேள்வி

மிக்ஸட் சோன் என்பது வீரர்கள் உடைமாற்றும் அறையிலிருந்து வெளியேறும் வழியில் தடுப்புக் கட்டி நிருபர்களை நிறுத்தியிருக்கும் இடம். முதலில் உரிமை பெற்ற தொலைக்காட்சிகள், அப்புறம் மற்றவை, எழுதுகிறவர்கள் கடைசியில். உங்களிடம் வரும்போது வீரர் அதே பதிலை ஆறு தடவை சொல்லியிருப்பார். அதனால் "எப்படி உணர்கிறீர்கள்" என்று தொடங்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட கணத்தைப் பிடியுங்கள்: "அந்த இரண்டாவது செட்டில் சர்வீஸுக்கு நிற்கும் இடத்தை மாற்றினீர்களே, எப்போது முடிவு செய்தீர்கள்?" தலையை நிமிர்த்துவார். பார்த்திருக்கிறான் என்று தெரிந்ததும் பேச்சே வேறு மாதிரி வரும்.

தோற்றவர்களிடம் குரலைத் தாழ்த்திக் கேளுங்கள், கேள்வியைச் சுருக்குங்கள். 2021இல் பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸில் நவோமி ஒசாகா செய்தியாளர் சந்திப்புக்கு வராததற்கு 15,000 டாலர் அபராதம் விதித்தார்கள், அவர் தன் மனநலத்தைக் காரணமாகச் சொல்லிப் போட்டியில் இருந்தே விலகினார். அறையில் எதிரே இருப்பவர் சற்று முன்புதான் ஒன்றை இழந்திருக்கிறார் என்பதை மறக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் என்றால் பெற்றோரோ பயிற்சியாளரோ சம்மதித்து, பக்கத்தில் இருந்தால் மட்டும் பேட்டி.

ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஃபோனிலும் ஒரு பதிவு ஓடட்டும். நோட்டிலும் எழுதுங்கள்.

10. ஊக்கமருந்துச் செய்தி

இதில் ஒரு சொல் தப்பினால் ஒருவருடைய வாழ்க்கை போகும், உங்கள் மேல் வழக்கும் வரும். சோதனைக்கு வீரரிடம் எடுத்ததை 'ஏ', 'பி' என்று இரண்டு மாதிரிகளாகப் பிரித்து வைப்பார்கள். 'ஏ' மாதிரியில் ஏதோ தென்பட்டது என்பதும் விதிமீறல் நிரூபணமானது என்பதும் ஒன்றில்லை. வீரர் 'பி' மாதிரியைச் சோதிக்கச் சொல்லலாம், மருத்துவ விலக்கு, அதாவது சிகிச்சைக்காக அந்த மருந்தை எடுக்கும் அனுமதி, வைத்திருக்கலாம். தற்காலிக இடைநீக்கம் என்பது தண்டனை இல்லை. தடை விதித்த பிறகும் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கட்டத்தின் சொல்லை மட்டும் எழுதுங்கள். வீரர் தரப்புப் பதிலுக்கு உண்மையாகவே நேரம் கொடுங்கள், இரவு பதினொரு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் பதினொன்றேகாலுக்கு "பதில் இல்லை" என்று எழுதுவது நியாயமே இல்லை.

11. பந்தயம் கேட்டு வருபவர்கள்

உங்கள் பெயர் கொஞ்சம் வெளியே தெரிந்ததும் முன்பின் தெரியாதவர்கள் மிகவும் மரியாதையாகச் செய்தி அனுப்புவார்கள். ஆடுகளம் எப்படி, யாருக்குக் காயம், நாளை யார் இறங்குவார் என்று கேட்பார்கள், ரசிகர் என்பார்கள், பிறகு பணம் தருகிறேன் என்பார்கள். பதில் சொல்லாதீர்கள். அந்தச் செய்தியைச் சேமித்து உங்கள் எடிட்டரிடம் காட்டுங்கள், சூதாட்டத்தையும் ஆட்ட மோசடியையும் கவனிக்கும் போட்டியின் நேர்மைப் பிரிவுக்கும் தெரிவியுங்கள். மைதானத்திலிருந்து பந்தயத்துக்காகத் தகவல் அனுப்புவது பல போட்டிகளின் நிபந்தனைகளிலேயே தடை. நீங்கள் எழுதும் விளையாட்டின்மேல் நீங்களும் பந்தயம் கட்டாதீர்கள். அணிகள் தரும் பரிசு, பயணம் எதுவாக இருந்தாலும் வாங்குவதற்கு முன் எடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

12. திரும்பி வந்த வாரம்

தூக்கம் தூக்கமாக வரும், ஆனாலும் முதல் மூன்று நாளுக்குள் இவற்றை முடித்துவிடுங்கள். ரசீதுகளைப் படமெடுங்கள், வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதத்தில் வெள்ளையாகிவிடும். இன்வாய்ஸ் அனுப்புங்கள், அதில் கட்டுரைத் தலைப்பு, தேதி, பேசிய தொகை, பணம் வரவேண்டிய நாள் எல்லாம் இருக்கட்டும், அந்தப் பழைய மின்னஞ்சலையும் இணைத்துவிடுங்கள். நாள் தாண்டினால் கணக்குப் பிரிவுக்கே நேராக எழுதுங்கள், எடிட்டருக்குப் பெரும்பாலும் அது தெரிந்தே இருக்காது. பேட்டிப் பதிவுகளை அழிக்காமல் பெயரும் தேதியும் போட்டு வையுங்கள், யாராவது "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் தேவைப்படும். கட்டுரைகளை பிடிஎஃப் ஆக்குங்கள். அட்டை வாங்கிக் கொடுத்த ஊடக அதிகாரிக்கு நன்றி சொல்லி, வெளிவந்த கட்டுரைகளின் சுட்டிகளை அனுப்புங்கள், அடுத்த முறை பட்டியல் போடும்போது வராதவர்கள் யார், வந்தும் எழுதாதவர்கள் யார் என்று அவர்கள் பார்ப்பார்கள். அப்புறம் அடுத்த போட்டியின் விண்ணப்பத் தேதி எப்போது திறக்கிறது என்று காலண்டரில் குறித்துவிட்டுப் போய்த் தூங்குங்கள்.